ஃபேன் எந்த சிப்பின் மேல்? ஆட்டம் 230-ம் டி945ஜிசிஎல்எஃப் போர்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2008 ஜூனில் இன்டெல் ஒரு சின்ன மதர்போர்டை விற்பனைக்கு விட்டது. பெயர் டி945ஜிசிஎல்எஃப். நீளம் 17 செ.மீ., அகலமும் 17 செ.மீ.; மினி-ஐடிஎக்ஸ் என்று சொல்லப்படும் அளவு. பிராசஸர் ஆட்டம் 230, கழற்றி மாற்ற முடியாதபடி போர்டிலேயே பற்றவைத்திருந்தார்கள். போர்டில் இரண்டு ஹீட்சிங்க் (சிப்பின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) தெரியும். ஒன்று சிறியது, வெறும் அலுமினியத் துண்டு. மற்றது பெரியது, அதன் தலையில் 40 மி.மீ. ஃபேன். முதல்முறை பார்க்கிறவர்கள் ஃபேனுக்கு அடியில் இருப்பதுதான் பிராசஸர் என்று நினைத்தார்கள். இல்லை. பிராசஸர் அந்தச் சின்னத் துண்டுக்கு அடியில் சத்தமில்லாமல் கிடந்தது. ஃபேன் சுற்றியது சிப்செட்டுக்காக, அதாவது பிராசஸரை ரேம், திரை, டிஸ்க்கோடு இணைக்கும் துணை சிப்புக்காக.

சத்தமில்லாத சின்னக் கணினி வேண்டும் என்று அலைகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டிய போர்டு இது. பிராசஸரின் வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்கினால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய பொருள் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அதற்கு முந்தைய சில ஆண்டுகள்

2000-களின் முதல் பாதியில் டெஸ்க்டாப் உலகம் கிகாஹெர்ட்ஸைத் துரத்திக்கொண்டிருந்தது. 2004 பிப்ரவரியில் வந்த ‘பிரெஸ்காட்’ பென்டியம் 4-இன் வேகமான மாடல்கள் 100 வாட்டைத் தாண்டின. வெப்பம் கட்டுக்கு அடங்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் அடுத்து வரவிருந்த ‘டேஜாஸ்’ பிராசஸரை இன்டெல் கைவிட்டது; அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐயும் ரத்து செய்தது.

எதிர்த்திசையில் போனவர்களும் இருந்தார்கள். தைவானின் வியா நிறுவனம் 1999-இல் சைரிக்ஸையும் சென்டாரையும் வாங்கியது. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் இருந்த சென்டார் குழு வடிவமைத்த சி3 பிராசஸர் வேகத்தில் யாரோடும் போட்டி போடவில்லை, குறைந்த வெப்பத்தில் ஓடியது. அவ்வளவுதான் அதன் லட்சியம். அதற்கு ஏற்ற சின்னப் போர்டு வேண்டுமே என்று வியா 2001-இல் முன்வைத்ததுதான் மினி-ஐடிஎக்ஸ் அளவு. 2002-இல் எபியா வரிசைப் போர்டுகள் கடைக்கு வந்தன. அதில் எபியா 5000, 533 மெகாஹெர்ட்ஸ் ஈடன் பிராசஸரோடு, ஃபேனே இல்லாமல் ஓடும். ஆனால் தசமக் கணக்கு போடும் பகுதி, பிராசஸரின் பாதி வேகத்தில்தான் வேலை செய்தது. பாட்டு கேட்கலாம், ஃபயர்வாலாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எதிர்பார்த்தால் பொறுமை வேண்டும்.

இன்னொரு வழி, லேப்டாப் பிராசஸரை மேசைக்குக் கொண்டுவருவது. இஸ்ரேலின் ஹைஃபாவில் இன்டெல் குழு வடிவமைத்த பென்டியம் எம் 2003 மார்ச்சில் வந்தது, 24.5 வாட். அடுத்த ஆண்டு வந்த ‘டோத்தான்’ 21 வாட்டுக்கு இறங்கியது. ஏஓபன், டிஎஃப்ஐ போன்றவர்கள் இதற்கென டெஸ்க்டாப் போர்டுகளே செய்தார்கள். அசுஸ், தன் பழைய பென்டியம் 4 போர்டுகளில் பென்டியம் எம்-ஐச் சொருக ஒரு அடாப்டரை விற்றது. தொழில்நுட்பமாக அருமையான தீர்வு. விலைதான் எட்டவில்லை.

ஆக, 2008 வரை இரண்டே தேர்வுகள்: மலிவாக, மெதுவாக, சத்தமில்லாமல் வியா, அல்லது வேகமாக, சத்தமில்லாமல், பர்ஸைக் காலி செய்யும் லேப்டாப் பாகங்கள். 2007-இல் இன்டெல் நடுவழி ஒன்றைத் தொட்டுப் பார்த்தது. 1.2 கிகாஹெர்ட்ஸ் செலரான் 220-ஐப் பற்றவைத்த டி201ஜிஎல்ஒய்2 என்ற போர்டு. பிராசஸர் 19 வாட். வேடிக்கை என்னவென்றால், இன்டெல் தன் சொந்தப் போர்டில் எஸ்ஐஎஸ் நிறுவனத்தின் சிப்செட்டைப் போட்டிருந்தது.

நான்கு வாட் அதிசயம்

ஆட்டம் அடியிலிருந்து புதிதாகச் செய்த வடிவமைப்பு. உட்பெயர் ‘போனல்’, அதை உருவாக்கிய குழுவும் ஆஸ்டினில்தான் இருந்தது. அந்தக் காலத்து இன்டெல் டெஸ்க்டாப், லேப்டாப் பிராசஸர்கள் எல்லாம் கட்டளைகளை வரிசை மாற்றி, எது முதலில் தயாரோ அதை முதலில் செய்யும். அந்த வேலைக்கு நிறைய டிரான்சிஸ்டர் வேண்டும், அவை எப்போதும் மின்சாரம் தின்னும். ஆட்டத்தில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். வந்த வரிசையில் வந்ததைச் செய். ஒரு கட்டளை நினைவகத்துக்காகக் காத்திருந்தால் பின்னால் நிற்பவையும் காத்திருக்கும். அந்த இடைவெளியை வீணாக்காமல் இருக்க ஹைப்பர்-த்ரெடிங் மூலம் இன்னொரு வேலையை நுழைத்தார்கள்.

விளைவு: 4.7 கோடி டிரான்சிஸ்டர், 45 நானோமீட்டர் தயாரிப்பு, விரல் நகத்தைவிடச் சின்ன சிப், 1.6 கிகாஹெர்ட்ஸ், 4 வாட். வேகம் என்று பார்த்தால் அதே கிகாஹெர்ட்ஸில் ஓடும் பென்டியம் எம்-இல் ஏறக்குறைய பாதி. முந்தைய ஆண்டின் செலரான் 220 குறைந்த கிகாஹெர்ட்ஸிலேயே பல வேலைகளில் இதை முந்தியது. அது தெரிந்தே செய்த சமரசம். 19 வாட்டிலிருந்து 4-க்கு இறங்குவதென்றால் எங்காவது விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்.

இந்த 4 என்ற எண்தான் விளம்பரமானது. பத்திரிகைகளும் அதையே எழுதின. வாங்கியவர்களும் அதைத்தான் மனதில் வைத்திருந்தார்கள்.

கூட்டிப் பார்த்தால்

பிராசஸர் தனியாக எதையும் செய்யாது. அன்றைய இன்டெல் அமைப்பில் ரேமை நிர்வகிப்பதும் திரையில் படம் வரைவதும் நார்த்பிரிட்ஜ் என்ற தனி சிப்பின் வேலை. டிஸ்க், யுஎஸ்பி, ஒலி எல்லாம் சவுத்பிரிட்ஜின் வேலை. இந்தப் போர்டில் நார்த்பிரிட்ஜ் 945ஜிசி, சவுத்பிரிட்ஜ் ஐசிஎச்7.

945 வரிசை 2005 மே மாதம் பென்டியம் டி பிராசஸர்களுக்காக வந்தது. 130 நானோமீட்டர் தயாரிப்பு, அதாவது ஆட்டத்தைவிட மூன்று தலைமுறை பழசு. அதன் டிடிபி, அதாவது ஹீட்சிங்க் வடிவமைப்பவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய வெப்ப அளவு, 22.2 வாட். ஐசிஎச்7 இன்னொரு 3.3 வாட். ஆட்டத்தின் 4-ஐயும் சேர்த்தால் மொத்தம் 29.5. அதில் பிராசஸரின் பங்கு ஏழில் ஒன்றுக்கும் குறைவு. மாப்பிள்ளை ஒல்லி, மாப்பிள்ளைத் தோழன் பீமன்.

டிடிபி எண்களை இப்படிக் கூட்டுவது முழுக்கச் சரியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று சிப்பும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவது அபூர்வம். டிடிபி என்பது மீட்டரில் பார்க்கும் மின் செலவும் இல்லை. ஆனால் ஹீட்சிங்கும் ஃபேனும் எந்த எண்ணை வைத்து முடிவாகின்றன என்று கேட்டால், இந்த எண்களை வைத்துத்தான். அதனால்தான் ஃபேன் 945ஜிசி மேல் ஏறியது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. லேப்டாப் ஆட்டமான என்270, வேலை இல்லாதபோது வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் ஆட்டம் 230-க்கு அந்த வசதி இல்லை. மதிப்புரைகளில் பலர் இதைக் குறையாகச் சொன்னார்கள். குறைதான். ஆனால் அந்த வசதி இருந்து, பிராசஸரின் செலவு பாதியாகவே குறைந்திருந்தாலும், 29.5-இல் 2 வாட்தான் மிச்சம். நார்த்பிரிட்ஜ் விழித்தே இருக்கும்வரை பிராசஸர் தூங்கியும் பயனில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது

22 வாட் அப்படி ஒன்றும் பெரிய வெப்பம் இல்லை. நல்ல அகலமான ஹீட்சிங்க் இருந்தால் ஃபேனே இல்லாமல் சமாளிக்கலாம். ஆனால் இது மலிவுப் போர்டு. அலுமினியத்துக்குக் கொடுக்கும் காசைவிட 40 மி.மீ. ஃபேனுக்குக் கொடுக்கும் காசு குறைவு.

40 மி.மீ. என்பதில்தான் வில்லங்கம். ஒரு ஃபேன் தள்ளும் காற்றின் அளவு, சுற்றும் வேகத்துக்கு நேர்விகிதம். விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். அதே வடிவில் விட்டம் இரண்டு மடங்கானால், அதே வேகத்தில் எட்டு மடங்கு காற்று. ஆகவே 80 மி.மீ. ஃபேன் சோம்பலாகச் சுற்றித் தரும் காற்றைத் தர 40 மி.மீ. ஃபேன் பறக்க வேண்டும். வேகம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும் என்பது ஃபேன் கணக்கில் பழைய விதி. அதோடு சின்ன ஃபேனின் சத்தம் தாழ்ந்த ‘உம்’ இல்லை, கீச்சென்று காதில் ஏறுகிற ரகம். மலிவான பேரிங், ஓராண்டுத் தூசி, அப்புறம் கரகரப்பும் சேர்ந்துகொள்ளும்.

போர்டை விட்டு வெளியே வந்தாலும் கதை முடியவில்லை. பலர் இதைச் சாதாரண கேபினட்டில், வழக்கமான 300 வாட் எஸ்எம்பிஎஸ்ஸோடு (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) ஓட்டினார்கள். எஸ்எம்பிஎஸ் தன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு சுமையில் ஓடும்போது அதன் திறன் சரியும். 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். போர்டும் டிஸ்க்கும் 30 வாட் கேட்டால் சுவரிலிருந்து 46 வாட் இழுக்கும். வித்தியாசம் 16 வாட். எஸ்எம்பிஎஸ் தனக்குள் எரித்து வீணாக்குவது மட்டும் நான்கு ஆட்டம் பிராசஸருக்குச் சமம்! அதைக் குளிர்விக்க அதற்குள் ஒரு ஃபேன். 7,200 சுற்று வேகத்தில் ஓடும் ஹார்ட் டிஸ்க் தன் பங்குக்கு 120 ஹெர்ட்ஸில் கேபினட்டின் தகட்டை அதிர வைக்கும். ஆக மூன்று சத்தங்கள். மூன்றில் ஒன்றுகூட ‘குறைந்த மின் பிராசஸர்’ என்ற அந்தப் பொருளுடையது இல்லை.

அதே காலத்தில் மற்றவர்கள்

வேறு மாதிரிச் செய்திருக்க முடியாதா என்றால், முடியும். இன்டெல்லிடமே விடை இருந்தது. நெட்புக்குகளில் போன என்270-க்குத் துணையாக வந்தது 945ஜிஎஸ்இ, அதே குடும்பத்தின் லேப்டாப் வடிவம். பிராசஸர் 2.5, நார்த்பிரிட்ஜ் 6, சவுத்பிரிட்ஜ் 3.3, மொத்தம் 11.8 வாட். அசுஸ் அதே ஆண்டு விட்ட ஈபாக்ஸ் பி202 என்ற குட்டிக் கணினி இந்தக் கூட்டணியில்தான் ஓடியது.

ஏஎம்டி பக்கம் இன்னும் சுவையான ஒப்பீடு. அத்லான் 64 2000+ என்று ஒரு பிராசஸர், 1 கிகாஹெர்ட்ஸ், 8 வாட். எண்ணை மட்டும் பார்த்தால் ஆட்டத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் ஏஎம்டி 2003-லிருந்தே ரேம் நிர்வாகத்தை பிராசஸருக்குள் கொண்டுபோய்விட்டது. வெளியே இருந்த 780ஜி சிப்செட்டும் 55 நானோமீட்டரில் செய்த புது சிப். மொத்தக் கணினியையும் மீட்டரில் வைத்து அளந்த அன்றைய சோதனைகளில், சும்மா இருக்கும்போது ஆட்டம் போர்டைவிட இந்த ஜோடி குறைவாகவே மின்சாரம் எடுத்தது. படம் காட்டும் திறனிலும் 780ஜி எங்கோ மேலே. 945ஜிசியின் கிராஃபிக்ஸால் எச்.264 என்ற முறையில் சுருக்கிய முழு எச்டி வீடியோவை விரித்துக் காட்ட முடியாது. டிவிஐ என்ற டிஜிட்டல் திரை வெளியீடுகூட இந்தப் போர்டில் கிடையாது.

பின் ஏன் இன்டெல் 945ஜிசியைத் தேர்ந்தெடுத்தது? என் கணிப்பு: விலை. முதலீடு எப்போதோ திரும்பிவிட்ட பழைய தயாரிப்பு வரிசையில் வரும் சிப், நல்ல லேப்டாப் சிப்செட்டைவிட மிக மலிவு. ‘நெட்டாப்’ என்று இன்டெல் பெயர் சூட்டிய இந்த வகைக் கணினிகள் தன்னுடைய இன்னொரு மலிவு வரிசையான செலரானின் சந்தையைத் தின்றுவிடக் கூடாது என்ற கவனமும் இருந்திருக்கலாம். ஒரே ஒரு ரேம் இடம், 2 ஜிபி உச்சவரம்பு, ஒரு பழைய பிசிஐ இடம் என்று போர்டின் மற்ற அம்சங்களும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. சத்தமில்லாத கணினி இன்டெல்லின் நோக்கமாகவே இருக்கவில்லை. அது நம் ஆசை. 4 என்ற எண்ணைப் பார்த்து நாமே ஏற்றிக்கொண்டது.

வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஃபேனைக் கழற்றி, நார்த்பிரிட்ஜின் மேல் பெரிய ஹீட்சிங்க் பொருத்தினார்கள். 80 அல்லது 120 மி.மீ. ஃபேனை 12 வோல்டுக்குப் பதில் 7 அல்லது 5 வோல்டில் மெதுவாகச் சுழலவிட்டு, மொத்தப் போர்டுக்கும் லேசான காற்று வரும்படி வைத்தார்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிவிட்டு, லேப்டாப் சார்ஜர் போன்ற வெளி அடாப்டரும் பைகோபிஎஸ்யு என்ற விரலளவு மின்னழுத்த மாற்றிப் பலகையும் போட்டார்கள். வேலை செய்தது. ஆனால் அதற்கான செலவையும் போர்டின் விலையையும் கூட்டினால், மலிவு என்ற காரணம் கரைந்துவிடும்.

சிப்செட் காணாமல் போன கதை

2008 செப்டம்பரில் இரண்டு கோர் கொண்ட ஆட்டம் 330 வந்தது, 8 வாட். அதற்கான டி945ஜிசிஎல்எஃப்2 போர்டிலும் அதே 945ஜிசி, அதே இடத்தில் ஃபேன். இடையில் என்விடியா புகுந்தது. நார்த்பிரிட்ஜ், சவுத்பிரிட்ஜ், கிராஃபிக்ஸ் மூன்றையும் ஒரே சிப்பில் அடக்கி ‘அயான்’ என்று பெயர் வைத்தது. 2009-இல் அயானோடு வந்த ஏசர் ரெவோ, ஆட்டத்தை வைத்துக்கொண்டே எச்டி படம் ஓட்டிக் காட்டியது. பிராசஸர் அதேதான்; துணை மாறியதும் கணினியே வேறாகிவிட்டது.

2009 டிசம்பரில் இன்டெல் தானே கணக்கைத் திருத்தியது. புதிய ஆட்டம் டி410, டி510 பிராசஸர்களுக்குள் ரேம் நிர்வாகமும் கிராஃபிக்ஸும் குடியேறின. நார்த்பிரிட்ஜ் என்ற சிப்பே இல்லாமல் போனது. மிச்சமிருந்த என்எம்10 சிப்செட் வெறும் 2.1 வாட். இங்கேதான் எண்களை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். ஆட்டம் 330-க்கு 8 வாட், டி510-க்கு 13 வாட். பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணைப் பார்ப்பவருக்கு இன்டெல் பின்னால் போனது போலத் தெரியும். மொத்தத்தைக் கூட்டினால் பழைய ஜோடி 33.5 வாட், புதியது 15.1. பாதிக்கும் குறைவு. இன்டெல்லின் டி510எம்ஓ போர்டில் ஃபேன் இல்லை. தேவைப்படவில்லை.

இதற்கும் ஒரு விலை இருந்தது. பிராசஸருக்கும் நார்த்பிரிட்ஜுக்கும் இடையில் தகவல் போய்வந்த பஸ் என்ற இணைப்பு போனதும், அயான் போன்ற வெளியார் சிப்செட்டுக்கு நுழைய வாசலே இல்லை. உள்ளே வந்த கிராஃபிக்ஸோ இன்டெல்லின் பழைய ஜிஎம்ஏ கிராஃபிக்ஸ் வழிவந்தது; எச்டி வீடியோ இன்னமும் தடுமாறியது. சத்தம் போனது, படமும் போனது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது ஏஎம்டி: 2011 தொடக்கத்தில் வந்த இ-350, 18 வாட்டில் இரண்டு கோரும் உருப்படியான கிராஃபிக்ஸும். 2013-இல் இன்டெல்லின் செலரான் ஜே1900, 10 வாட்டுக்குள் நான்கு கோர், கிராஃபிக்ஸ், சவுத்பிரிட்ஜ் வேலை எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கியது. கூட்டிப் பார்க்க இரண்டாவது எண்ணே இல்லை.

இப்போது என்100

2023 ஜனவரியில் வந்த இன்டெல் என்100, இந்த வரிசையின் இன்றைய பிரதிநிதி. நான்கு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை, டிடிபி 6 வாட். வீடியோவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளங்கை அளவு மினி பிசிக்களில் பாதிக்கு மேல் இதுதானோ என்று தோன்றும் அளவுக்கு எங்கும் இருக்கிறது.

ஆனால் அதே பழைய குழப்பம் வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. முன்பு பிராசஸரின் எண் உண்மை, பக்கத்து சிப்பின் எண் மறைந்திருந்தது. இப்போது பிராசஸரின் எண்ணே தயாரிப்பாளர் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் மென்பொருள்) வைப்பதைப் பொறுத்தது. தொடர்ந்து எவ்வளவு வாட் எடுக்கலாம் என்பது பிஎல்1. சற்று நேரத்துக்கு எவ்வளவு வரை தாவலாம் என்பது பிஎல்2. மதிப்பெண் சோதனைகளில் முன்னால் வர ஆசைப்படும் மினி பிசி தயாரிப்பாளர்கள் பிஎல்1-ஐ 6-இலிருந்து 10, 15, சிலர் அதற்கும் மேலே ஏற்றிவிடுகிறார்கள். பிஎல்2 பெரும்பாலும் 25 வாட். பெட்டிக்குள் இடம் இல்லை, ஆகவே மறுபடியும் குட்டி ஃபேன். மறுபடியும் கீச்.

ஃபேன் இல்லாமல் வேண்டும் என்பவர்களுக்கு அசுஸின் பிரைம் என்100ஐ-டி டி4, ஏஎஸ்ராக்கின் என்100டிசி-ஐடிஎக்ஸ் போன்ற மினி-ஐடிஎக்ஸ் போர்டுகள் இருக்கின்றன. இரண்டாவது, வெளி அடாப்டரை நேராகச் சொருகும் வகை. எஸ்எம்பிஎஸ்ஸின் 16 வாட் கதை அங்கே இல்லை. ஆனால் ஹீட்சிங்க்கைக் காற்றே போகாத கேபினட்டில் அடைத்தால் எந்த 6 வாட்டும் காப்பாற்றாது. பக்கத்திலேயே என்விஎம்இ டிஸ்க் ஒன்று தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தால் அதுவே சில வாட்டைக் கக்கும்.

மதிப்புரைகளில் வரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் எடுத்தவை. ஃபேன் இல்லாத ஹீட்சிங்க் அறையின் வெப்பத்தைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் நிற்கும். மே மாத வேலூரில் மூடிய அறை 38-ஐத் தொட்டால் அந்த அளவோடு 13-லிருந்து 18 வரை கூட்டிக்கொள்ளுங்கள். அதனால் ஃபேன் இல்லாமல் ஓட்டப் போகிறவர் வாங்கியதும் முதலில் பயாஸுக்குள் போய் பிஎல்1 என்ன என்று பார்ப்பது நல்லது. 6-க்கோ 8-க்கோ இறக்கிவிட்டால் இணையம், ஆவணம், வீடியோ எதிலும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பக்கத்தையே பூட்டி வைத்திருக்கும் மினி பிசிக்களும் சந்தையில் இருக்கின்றன. ஆகவே கடைக்காரரிடம் பிராசஸர் எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன்னால், பயாஸில் பிஎல்1-ஐ மாற்ற விடுகிறதா என்று கேளுங்கள்.